ஏற்றம் ஆறு பத்து

1

இந்தக் கதை ஒரு மன்னிப்பிலிருந்து வந்தது. அந்த மன்னிப்பை யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பல் மருத்துவரின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். போனை நோண்டிக்கொண்டிருந்ததில் விரல் எங்கேயோ பட்டு, எங்கேயோ போய், அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்காக யாரோ தினமும் எழுதும் வானிலைப் பக்கம் ஒன்று திறந்துகொண்டது. நான் பார்க்காத கடல். இனிப் பார்க்கப்போவதும் இல்லை. பவளப்பாறைக்கு மேல் உடையும் அலை என்று போட்டிருந்தது. தண்ணீர் இளஞ்சூடு. அலை நாலடி, இரண்டு அலைக்கு நடுவே பன்னிரண்டு வினாடி. காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று, பதினொன்றுக்கு மேல் திசை மாறி அலையைக் கெடுத்துவிடும். ஏற்றம், அதாவது கடல் நிறையும் நேரம், ஒன்பது முப்பது. அதற்கும் கீழே, அதே எழுத்தில், அதே அளவில்:

‘செவ்வாயும் புதனும் ஏற்ற நேரத்தைத் தவறாகக் கொடுத்திருந்தேன். தவறு என்னுடையது.’

எழுதியவர் பெயர் இல்லை. என் முறை வந்துவிட்டது. அரைமணி நேரம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தபோது, யார் இவர், யாருக்கு என்ன ஆயிற்று என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். அதில் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன்.

“கணுக்கால் நனைஞ்சாலே அலறுவீங்க. உங்களுக்கு எதுக்கு அலைக் கதை?” என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான்.

2

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று கண்ணாடி போல’ (அடித்துவிட்டேன். என் கதைகளில் கடல் எப்போதும் கண்ணாடி போலத்தான் இருக்கிறது. வேறு வேலையே இல்லை அதற்கு.)

இரண்டாம் தொடக்கம்: ‘வெண்தாடி வைத்த முன்னாள் மாலுமி ஒருவர், காற்றை முகர்ந்தே’ (இவரை யார் கூப்பிட்டது? எல்லாம் தெரிந்தவராக வந்து நிற்கிறார். வாசலோடு அனுப்பிவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: ‘அவளுக்கு நீச்சல் தெரியாது.’

இது நிற்கட்டும்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. வயது நாற்பத்தாறு. சறுக்குப் பலகை விற்கும் கடையின் மாடியில், ஒரு ஜன்னல், ஒரு கணினி, காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தரும் ஒரு மின்விசிறி ஆகியவற்றோடு பதினோரு வருடமாக அலை நிலவரம் எழுதுகிறாள். கடைக்கு வருகிறவர்கள் அவளை அலையக்கா என்பார்கள். கடைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். முன்பெல்லாம் காற்றுக்கும் அலைக்கும் அவள், ஏற்ற நேரத்துக்கு இன்னொருவர் என்று இரண்டு பேர் இருந்தார்கள். அந்த இன்னொருவர் வேறு வேலை கிடைத்துப் போய் எட்டு மாதம் ஆகிறது. ‘ஆள் பார்த்துக்கிட்டிருக்கேன்’ என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

வேலை இப்படி நடக்கும். காலை ஐந்துக்கு நேற்றைய அறிக்கையைத் திறப்பாள். அதன் மேலேயே எண்களை மாற்றுவாள். அலை, காற்று, கடைசியாக ஏற்றம். ஏற்றத்துக்கு மட்டும் சுவரில் தொங்கும் அச்சடித்த அட்டவணையைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு.*

(* கடல் நிறைவது ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப்போகும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். மணல் கடலில் இது பெரிய விஷயமில்லை. பாறைக் கடலில் இதுதான் விஷயம். தண்ணீர் நிறைந்திருந்தால் விழுகிறவர் தண்ணீரில் விழுவார். குறைந்திருந்தால் பாறையில்.)

நேற்றைய கோப்பின் மேலேயே இன்றையதை எழுதுவது சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நானும் போன கதையின் கோப்பைத் திறந்து, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, அதன் மேலேயேதான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3

தங்கையைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவரப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு அடிபடப் போகிறது. அதுவும் என்னால்.

அலையக்காவின் தங்கைக்கு நாற்பத்தொன்று. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வயதிலிருந்து அலையேறுகிறாள். கடை ஒன்பதுக்குத் திறப்பதால் காலை ஆறுக்கு இறங்கி ஏழரைக்குள் கரையேறிவிட வேண்டும். எத்தனையோ வானிலைப் பக்கங்கள் இருந்தும் அவள் அக்காவின் பக்கத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அக்கா ‘போகலாம்’ என்று எழுதினால் போவாள். ‘சிறப்பில்லை’ என்றால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். இருவரும் வாரத்துக்கு ஒருமுறை பேசிக்கொண்டாலே அதிகம். பேச வேண்டியதெல்லாம் அந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும். நீந்தத் தெரியாத அக்கா தங்கையைக் கடலில் பார்த்துக்கொண்ட விதம் அதுதான்.

திங்கள்: ஏற்றம் ஆறு பத்து. சரி.

செவ்வாய்: ஏழு மணி என்று மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அன்று தங்கை போகவில்லை.

புதன்: ஏழு ஐம்பது என்று இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தது ஆறு பத்து. அலை நாலரை அடி. போகலாம்.

தங்கை போனாள். ஆறு மணிக்கு வெளிச்சம் சரியாக வரவில்லை, பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் நிறைந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் இரண்டாவது அலையைப் பிடித்தாள். விழுந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. முதுகில் பதினேழு தையல், வலது தோளில் கட்டு. மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடும் என்றார் மருத்துவர்.

புதன் மாலை முழுவதும் அக்கா மருத்துவமனையில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. வியாழன் காலை ஐந்துக்கு வந்து கோப்பைத் திறந்து, சுவரைப் பார்த்தாள். திங்களுக்குப் பக்கத்தில் பென்சில் கோடு. செவ்வாய்க்கு இல்லை. புதனுக்கு இல்லை.

அவள் என்ன செய்தாள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அழுதாள், சுவரில் சாய்ந்தாள், மின்விசிறியை நிறுத்தினாள். எல்லாம் நாடகம். எடுத்துவிட்டேன். அவள் செய்தது இவ்வளவுதான்: வியாழனுக்கு எட்டு நாற்பது என்று போட்டு, பென்சில் கோடு இழுத்து, பக்கத்தை வெளியிட்டாள்.

4

வியாழன் மதியம் தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா போனாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் படியேறினாள்.

தங்கை தலையணையில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள்.

“அக்கா, பலகையை உங்க கடைக்கு எடுத்துட்டுப் போயிடு. யாராவது கேட்டா குடுத்துடச் சொல்லு.”

“என்னடி பேச்சு இது? மூணு மாசம்னுதானே சொன்னாரு டாக்டர்?”

“தோளுக்குச் சொன்னாரு. தண்ணி நிறைஞ்சிருந்த நேரம்க்கா. நிறைஞ்சிருக்கிற நேரத்துலயே பாறையில போய் விழறேன்னா, எங்க நிக்கிறோம்னே எனக்குத் தெரியல. பத்தொன்பது வருஷம் நின்ன இடம். கண்ணு போச்சு. ஊருக்கெல்லாம் கண்ணு பார்க்கிறேன், எனக்கே தெரியல.”

“அப்படி இல்லடி. நான்...”

“நீ சரியாத்தான் எழுதியிருந்த. உன்னை எதுக்கு நொந்துக்கிறே? நான்தான் தப்பு பண்ணிட்டேன்.”

(இந்த இடத்தில் அக்கா சொல்லிவிடுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். வாயைத் திறந்தாள். நான் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. சொன்னால் தங்கைக்குத் தன் கண் திரும்பக் கிடைக்கும், அக்காவின் பக்கத்தின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால் பக்கம் இருக்கும், கண் போய்விடும். படியேறும்போது இவ்வளவு தெளிவாக இல்லை அது.)

தங்கை போனை எடுத்தாள். முகப்பிலேயே இருந்த அக்காவின் பக்கத்தை இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அழித்தாள்.

“இனிமே காலையில அதைப் பார்த்துப் பார்த்து எதுக்கு வயிறெரியணும்?” என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள்.

அக்கா ஆளுயரப் பலகையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அதைத் தொடுகிறாள். நினைத்ததைவிட இலேசாக இருந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர், “அலை எப்படிங்க இருக்கு?” என்று கேட்டார். “சிறப்பில்லை,” என்றாள்.

கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அக்கா, நேத்து வானிலையை இன்னிக்கு யாராச்சும் தேடிப் படிப்பாங்களா? சத்தமில்லாம விட்டுடுங்க. வேற யாருக்காவது அடிபட்டுச்சா?”

“தெரியாது.”

“அப்ப தெரியாததாவே இருக்கட்டும்.”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அலுப்புதான். பலகையில் ‘விற்பனைக்கு’ என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, அவரே மாடிக்குத் தூக்கி வந்து, அவள் மேசைக்கு எதிரே சாய்த்து வைத்தார். கீழே இடமில்லையாம்.

5

ஒரு திருத்தம். மூன்றாம் பகுதியில் தங்கைக்கு வலது தோளில் கட்டு என்று எழுதியிருக்கிறேன். தவறு. அடிபட்டது இடது தோள். போன கதையில் ஒரு தச்சருக்கு வலது தோள் முறிந்தது. அந்த வரியை அழிக்க மறந்துவிட்டேன். ஆகவே பக்கத்தை அழித்த விரலும் வலது கையுடையது. தவறு என்னுடையது.

மேலேயே போய்ச் சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். நீங்கள் இங்கே வராமல் நாலாம் பகுதியோடு எழுந்து போயிருந்தால், உங்களைப் பொறுத்தவரை அவளுக்கு என்றைக்கும் வலது தோள்தான். பாதியில் எழுந்து போனவர்களை நான் எங்கே போய்த் தேடுவது?

6

வெள்ளிக்கிழமை காலை அலையக்கா அந்த இரண்டு வரியை எழுதினாள். கடைக்காரரைக் கேட்கவில்லை. எழுதினாள் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் பல் மருத்துவரின் முன்னறையில் நான் அதைப் படித்தேன். சில நூறு பேர் படித்திருப்பார்கள். நாலைந்து பேர் ‘அப்படியா’ என்றிருப்பார்கள்.

சனிக்கிழமை நான் திரும்பத் திறந்தபோது அந்த வரி அங்கே இல்லை. நேற்றைய அறிக்கையின் மேல்தானே இன்றையது. ‘அலை மூன்றடி. ஏற்றம் பத்து இருபது. சிறப்பில்லை.’ அவ்வளவுதான். மன்னிப்பு ஒரு நாள் இருந்தது. அதை யாருக்காக எழுதினாளோ அவள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டிருந்தாள். அவள் அழித்தபோது அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தங்கை பார்க்கமாட்டாள் என்று தெரிந்தேதான் எழுதினாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியாமல் எழுதினாள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ. அக்கா போய்ச் சொல்கிறாள். தங்கை, “எனக்கு அப்பவே தெரியும்க்கா,” என்று கட்டிக்கொள்கிறாள். (பொய். அவளுக்குத் தெரியாது. எனக்கு வேலை சுலபமாக வேண்டும் என்பதற்காக அவளுக்குத் தெரியவைக்க முடியாது.)

ஆ. பலகையை யாரோ வாங்கிப் போய்விடுகிறார்கள். அக்கா இன்னும் பதினோரு வருடம், ஒரு பென்சில் கோடுகூடத் தவறாமல், எழுதுகிறாள். (இதுதான் நடக்கும் என்று பயமாக இருக்கிறது. அதனாலேயே எழுத முடியவில்லை.)

இ. தங்கை ஒருநாள் கடை மாடிக்கு வந்து, சுவரில் அந்த அட்டவணையைப் பார்த்து, கோடில்லாத இரண்டு தேதியை

(வேண்டாம். அவள் கண்டுபிடித்தால் அது அக்கா சொன்னதாகாது.)

மனைவி படித்துப் பார்த்தாள். “ஒரு போன் பண்ணச் சொல்லுங்களேன் அவளை,” என்றாள்.

“என் கதையில யாரும் நேர்ல மன்னிப்புக் கேட்டதில்லையே. கடுதாசி எழுதுவாங்க, செத்தப்புறம் டைரி கிடைக்கும், இல்லைன்னா இப்படி எங்கயாவது ஒட்டுவாங்க.”

“தெரியுமே,” என்றாள் அவள். “இருபத்தாறு வருஷமா உங்ககூடத்தானே இருக்கேன்.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

7

ஞாயிறு மதியம். கடைக்கு விடுமுறை. மாடியில் அலையக்கா மட்டும். எதிரே பலகை, அதில் சீட்டு. சுவர் அட்டவணையில் இதுவரை வந்த எல்லாத் தேதிக்கும் கோடு இருக்கிறது, இரண்டைத் தவிர. அந்த இரண்டை இப்போது போட்டுவிடலாமா என்று பென்சிலை எடுத்தாள். வைத்துவிட்டாள். போனை எடுத்தாள்.

நாலு முறை மணி அடித்தது. தங்கை ஒருக்களித்துப் படுத்தபடி வலது கையால் எடுத்திருக்க வேண்டும்.

“சொல்லுக்கா.”

அக்கா மின்விசிறியை நிறுத்தினாள். (நாடகம் என்று முன்பு அடித்தேன். இல்லை. சத்தத்தில் கேட்காமல் போய்விடக்கூடாது என்று நிறுத்துகிறாள்.)

“என்னக்கா? சொல்லு. எதுக்குப் பண்ணின?”

இதற்கு மேல் எனக்கு வராது. இருபத்தாறு வருடமாக வராத மன்னிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிடாது. அந்த இரண்டு வரியும் இன்றைக்கு வேறெங்கும் இல்லை, இந்தக் கதையின் முதல் பகுதியில் மட்டும் இருக்கின்றன. நீங்கள் படித்துவிட்டீர்கள். தங்கை படிக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.