ராங்கிக்குப் பிடித்த கை

அந்தப் பசுவுக்கு ராங்கி என்று சும்மா பெயர் வைக்கவில்லை. வீட்டுக்காரன் மடியில் கை வைத்தால் உதைக்கும். வீட்டுக்காரி வைத்தால் பாலை அடக்கிக்கொண்டு, ஊரிலேயே நல்லவள் தான்தான் என்பதுபோல நிற்கும். மூத்த மகள் வந்து உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ முனகியபடி காம்பைத் தொட்டால் மட்டும் மடை திறந்துவிடும். ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். இது மூத்தவள் பாடினால் மட்டுமே கேட்கிற மாடு. இன்னொன்றும் அவளுக்குத்தான் தெரியும். எப்போதோ நாய் கடித்த தழும்பு ஒன்று ராங்கியின் பின்னந்தொடையில் உண்டு. அங்கே விரல் பட்டால் அதற்குப் பிசாசு பிடித்துவிடும்.

இப்படி ஒரு கை வாய்த்தால் பெருமைதானே என்று நமக்குத் தோன்றும். அந்தக் கைதான் அவளுக்கு வினையாக முடிந்தது.

துரையின் பங்களா ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. கப்பலில் வந்து இறங்கி, கண்ணுக்கு எட்டிய நிலமெல்லாம் தன்னுடையது என்று சொல்லிவிட்டவர் துரை. அதில்தான் அப்பன் உழுதான். அது சொந்த நிலமாக இருந்த காலத்தில் அப்பனின் அப்பனும் உழுதான். துரைசானிக்குக் குழந்தை பிறந்திருந்தது, நல்ல பால் வேண்டும் என்று பங்களா பட்லர் தேடி வந்தார். துரைக்குச் சோறு போடுகிறவர் என்பதால் அவர் பாதி துரை. அப்பனைவிட மூத்தவர், இரண்டு பெண்டாட்டிகளைப் பறிகொடுத்தவர். பசுவைப் பார்த்தார், அது பால் விடும் விதத்தைப் பார்த்தார், கடைசியில் கறக்கிறவளையும் பார்த்தார்.

"மாடு மட்டும் வந்து என்னய்யா பண்ணும்? பொண்ணும் வரணும்."

"வயசுப் பொண்ணுங்கய்யா. அத்தனை ஆம்பளைங்க இருக்கிற எடத்துல எப்படித் தங்கும்?"

"அதுக்குத்தான் நான் கட்டிக்கிறேங்கிறேன். என் பெண்டாட்டின்னா எவன் வாயத் தொறப்பான்?"

அப்பன் தலையைச் சொறிந்தான். மாட்டேன் என்றால் நிலம் போகும், நிலம் போனால் நாலு வயிறும் காயும். அவன் சொறிந்து முடித்தபோது கல்யாணம் முடிவாகியிருந்தது. அறுப்பு முடிந்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு பட்லர் போனார்.

மூத்தவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வண்டிக்காரனைச் சொல்லியிருப்பாள். பஞ்சுப்பொதி ஏற்றிப் போகிறவன், சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். வண்டி அச்சுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் இவர்கள் வாசலில் அரைநாள் நிற்பான். எண்ணெய்க்கு என்ன கேடு என்று அம்மாகூடக் கேலி செய்வாள். பெண் கேட்டபோது, அறுப்பு முடியட்டும் பார்க்கலாம் என்று அப்பன் அவனிடமும் சொல்லியிருந்தான்.

அவள் யோசித்தாள். பங்களாவுக்கு வேண்டியது பால். தன் கை இல்லாமலே பால் கிடைத்தால் பட்லருக்குத் தான் எதற்கு? தங்கை சிட்டு இருக்கிறாள். பதினொரு வயது, கடைவாயில் ஒரு பால்பல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. சின்னப்பிள்ளையைப் பற்றி யார் என்ன பேசப்போகிறார்கள்? அங்கே குழந்தையைப் பார்க்கிற ஆயாவோடு படுத்துக்கொள்ளும். பால் வற்றியதும் பசுவோடு வீட்டுக்குத் திரும்பிவிடும்.

தன் வேலைத்துணியைத் துவைக்காமல் அப்படியே சிட்டுவுக்குச் சுற்றிவிட்டாள். முதலில் சிட்டுவின் கைமேல் தன் கையை வைத்துக் கறந்தாள். பிறகு மெல்லக் கையை எடுத்தாள். முனகலையும் சொல்லிக்கொடுத்தாள்.

"அக்கா, இந்தப் பாட்டுல வார்த்தையே இல்லையே?"

"மாட்டுக்கு எதுக்குடி வார்த்தை?"

ராங்கி திரும்பிப் பார்த்தது, துணியை மோந்தது, சந்தேகப்பட்டது. ஒருநாள் காலையில் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டது. நுரை ததும்பும் செம்பைத் தூக்கிக்கொண்டு சிட்டு வீடு முழுக்க ஓடினாள். அதன்பிறகு மூத்தவளுக்குச் சாப்பிட்ட சோறு ருசித்தது. பாவம், சந்தோஷப்பட்டாள்.

அறுப்பு முடிந்தது, பட்லர் வந்தார். வண்டிக்காரனும் வாசலில் வண்டியை நிறுத்தி எண்ணெய்க்குப்பியோடு குனிந்திருந்தான்.

"ஐயா, இப்ப சின்னதே கறக்குதுங்க. பெரியவ வரணும்னு இல்லீங்க," என்றான் அப்பன். அவன் குரலிலும் நிம்மதி இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சிட்டு உட்கார்ந்து முனகத் தொடங்கினாள். செம்பு நிறைந்துகொண்டே வந்தது. மூத்தவள் மாட்டின் பின்பக்கம் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பலே! அப்ப சின்னதே வரட்டும்," என்றார் பட்லர்.

"ஆமாங்கய்யா. ஆயாகூடப் படுத்துக்கும்."

"ஆயாகூட எதுக்கு? என் வீடு கேக்க ஆளில்லாமக் கெடக்குது. இதையே கட்டிக்கிறேன். சின்ன வயசுன்னா சொன்னபடி வளையும். பெரியவளை நீ எவனுக்கு வேணும்னாலும் குடு."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வாசலில் வண்டிக்காரன் நிமிர்ந்தான், அவன் கண் இரண்டும் காணாமல் போயிருந்தது. எவனுக்கு வேண்டுமானாலும் என்றால் அவனுக்கும்தானே. மூத்தவள் கேட்ட வரம் கேட்டபடியே கிடைத்துவிட்டது. அம்மா தரையைப் பார்த்தாள். அப்பனின் கை தலைக்குப் போனது. அவன் சொறியத் தொடங்கினான்.

சிட்டுவுக்கு எதுவும் காதில் விழவில்லை, முனகிக்கொண்டே கறந்துகொண்டிருந்தாள்.

மூத்தவளின் கட்டைவிரல் முதுகிலிருந்து இறங்கி அந்தத் தழும்பைத் தேடி அழுத்தியது.

ராங்கி துள்ளி உதைத்தது. செம்பு உருண்டது. சிட்டு மல்லாந்து விழுந்தாள், வாயோரம் ரத்தம். ஆடிக்கொண்டிருந்த பல் மண்ணில் கிடந்தது.

"பாத்தீங்களா? சின்னது கைக்கு ரெண்டு நாள் விட்டா மூணாம் நாள் ஒதைக்கும்," என்றாள் மூத்தவள். உருண்ட செம்பை எடுத்து நிமிர்த்தினாள். "என் கைக்குத்தான் நிக்கும்."

உட்கார்ந்து, தழும்பில் விரல் படாமல் தொடையை நீவிவிட்டு, முனகினாள். கொஞ்சம் பொறுத்துப் பால் வந்தது.

"எவளா இருந்தா என்ன, பால் வந்தாச் சரி," என்றார் பட்லர். வண்டிக்காரன் எண்ணெய்க்குப்பியை மூடிவிட்டு வண்டியை ஓட்டிப்போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

துணிமூட்டை கட்டும்போது சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் சரியாத்தான் கறந்தேன். நீதான் என்னமோ பண்ணினே. பங்களாவுக்கு நீயே போகணும்னு ஆசை, அதான்."

மூத்தவள் முடிச்சை இறுக்கினாள். உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை ராத்திரி எப்படித் தூங்கும்?

"ஆமாண்டி, ஆசைதான்," என்றாள். "இனிமே யாரு கேட்டாலும் கறக்கத் தெரியாதுன்னே சொல்லு. என்ன?"

மூத்தவள் ராங்கியை அவிழ்த்துப் பட்லரின் பின்னால் நடத்திக்கொண்டு போனபோது அம்மாவும் அப்பனும் ஆற்றங்கரைவரை வந்தார்கள். சிட்டு வாசலுக்குக்கூட வரவில்லை.