டேம்பர் புல்லிக்கு நான் எழுதிய அட்டை

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யின் நீளம் நான்கு வரி. காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில், சணல் கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் லாரி.

(முதலில் எழுதிய தொடக்கம்: "ஆத்தங்குடியின் மேல் வானம் செம்பருத்தி நிறத்தில் சிவந்திருந்தபோது, ஒரு கிழட்டு லாரி..." அடித்துவிட்டேன். வானம் எந்த நிறத்தில் இருந்தாலும் லாரி ஓடவில்லை.)

லாரி சொர்ணவல்லியுடையது. ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை நடத்துகிறவர். எழுபது வயதான பெட்ரோல் லாரி, ஆறு சிலிண்டர். அவர் பட்டறைக் கற்கள் இதுவரை அதில்தான் போயிருக்கின்றன. இப்போது இஞ்சின் நடுங்குகிற நடுக்கத்தில் கல்லெல்லாம் மூளி ஆகின்றன. மெக்கானிக் சின்னச்சாமி மூன்று வாரமாக அதோடு மல்லுக்கட்டுகிறார்.

அவருக்குப் பிடிபடாதது இதுதான். இஞ்சினின் முன்பக்கம் ஒரு கனத்த புல்லி. அதன் விளிம்பில் ஒரு கோடு. அதற்கு டைமிங் மார்க் என்று பெயர். எந்த நேரத்தில் பிளக் பொறி விட வேண்டும் என்பதை அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வைப்பார்கள். சின்னச்சாமி அதை மயிரிழை பிசகாமல் வைத்தார். இஞ்சின் இருமியது, குமுறியது. பானெட்டின் மேல் வைத்த டீ டம்ளர் தானாக நடந்து போய்க் கீழே குதித்தது. கோட்டைப் பார்க்காமல் காதால் கேட்டு, குத்துமதிப்பாக வைத்தார். இருமல் குறைந்தது. டம்ளர் மட்டும் நடையை நிறுத்தவில்லை.

"சரியா வச்சா தப்பா ஓடுது, தப்பா வச்சா சரியா ஓடுது. இது இஞ்சினா, எம் மச்சினனா?" என்றார் சின்னச்சாமி.

"உங்க மச்சினன் விவகாரத்த அப்புறம் பாப்போம்ணே. வெள்ளிக்கெழமைக்குள்ள இது ஓடணும்" என்றார் சொர்ணவல்லி.

ஏன் வெள்ளிக்கிழமை? ஒரு எரிச்சலான நேரத்தில் அவர் அந்தப் பழம்பொருள் கடைக்காரர் குமரப்பனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்குள் ஓடாவிட்டால் லாரியின் முகத்தை அறுத்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசைக்கு அதை முன்பக்கமாக வைக்கப்போகிறார்களாம். முகப்பு விளக்கு இரண்டும் எரியுமாம்.

2

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இதுதான் பிடித்த பகுதி.

பித்தளைத் தாம்பாளத்தைச் சுண்டினால் கணகணவென்று அதிரும். விளிம்பில் ஒரு விரல் வைத்தால் அடங்கிவிடும். இஞ்சினுக்குள் இருக்கும் நீண்ட கிராங்க் தண்டும் அப்படித்தான். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அது ஈரத்துண்டு போல ஒரு துளி முறுகி, திரும்பி, அதிரும். அதை அடக்கும் விரல்தான் முன்னால் இருக்கும் அந்தப் புல்லி. புத்தகத்தில் ஹார்மோனிக் பேலன்சர் என்பார்கள். பட்டறையில் டேம்பர் புல்லி. உள்ளே ஓர் இரும்பு நடு, வெளியே ஒரு கனத்த இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையே ரப்பர். தண்டு துள்ளும்போது வளையம் மெதுவாக, மந்தமாக, கல்யாணப் பந்தியில் எழுந்திருக்க மனமில்லாத மாமனைப் போலப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலில் துள்ளல் ரப்பருக்குள் செத்துவிடும்.

சின்னச்சாமி கடைசியில் முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு மூங்கில் குச்சியை விட்டு, தண்டைக் கையால் சுற்றினார். பிஸ்டன் மேலே வர வர, குச்சியும் மேலே வந்தது. குச்சி உச்சியில் நின்றபோது கோடு தன் இடத்தில் இருக்க வேண்டும். நான்கு விரல்கடை தள்ளி இருந்தது.

"பிஸ்டன் பொய் சொல்லாது. கோடுதேன் நகந்துருக்கு."

ரப்பர் இற்றுப்போய் வெளி வளையம் வழுக்கிவிட்டது. கோடு அந்த வளையத்தின்மேல் இருந்ததால் அதுவும் கூடவே போய்விட்டது. ரப்பர் போனதால் நடுக்கமும் அடங்கவில்லை. இரண்டு நோய்க்கும் ஒரே புல்லிதான் காரணம்.*

* இதை நான் ஒரு எழுத்தாளனாகக் கூச்சத்தோடு கவனித்தேன். எதை வைத்துச் சரிபார்க்கிறோமோ, அதுவே இடம் மாறியிருந்தால்... (இந்த வாக்கியத்தை முடித்தால் தத்துவமாகிவிடும். விட்டுவிடுகிறேன்.)

3

புதுப் புல்லி கிடைக்குமா? வெளிநாட்டில் இருந்தது. கப்பல் கூலியோடு சேர்த்தால் லாரியைவிட விலை அதிகம். மதுரையில் பழைய உதிரிபாகக் கடைக்காரர் போனிலேயே சிரித்தார். லேத் பட்டறைக்காரர் முழு இரும்பில் கடைந்து தருகிறேன் என்றார். ரப்பர் இல்லாத டேம்பர், தாம்பாளத்தில் வைக்காத விரல். சின்னச்சாமி கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

புதன்கிழமை அவரும் சொர்ணவல்லியும் குமரப்பன் கடைக்குப் போனார்கள், இன்னும் இரண்டு வாரம் தவணை கேட்க. நானும் அங்கேதான் இருந்தேன். அந்தக் கடையின் சாமான்களுக்கு விவர அட்டை எழுதுவது என் வேலை.

சொர்ணவல்லி டம்ளர் நடப்பதைச் சொல்லித் தவணை கேட்டுக்கொண்டிருந்தபோது சின்னச்சாமி அலமாரியையே பார்த்தார். பளபளவென்று எண்ணெய் தடவிய ஒரு சக்கரம். அதில் என் அட்டை:

"பர்மா கப்பல் கடிகாரத்தின் சமன் சக்கரம்.
அலை மோதினாலும் காலம் தவறாதிருக்க உள்ளே ரப்பர்.
வலையபட்டி வீடொன்றில், எண்ணெய்த் தாளுக்குள் உறங்கியது.
காதை வைத்தால் கடல் கேட்கும்."

விலை பன்னிரண்டாயிரம்.

சின்னச்சாமி காதை வைத்தார். பிறகு அட்டையைத் தூக்கிப் பார்த்தார். அட்டை மறைத்திருந்த இடத்தில் ஒரு எண் பொறித்திருந்தது. கழற்றிய புல்லியில் இருந்த அதே எண். என்னை ஓரமாக இழுத்தார்.

"சார், கடலெல்லாம் கேக்கல. எங்க லாரிதேன் கேக்குது."

4

இப்போது நான் மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் விலை விழும். ஆனால் லாரி பிழைத்துவிடும் என்று குமரப்பனுக்குத் தெரிந்துவிடும். முகம் வேண்டும் என்பவர் புல்லியைத் தருவாரா? சொல்லாவிட்டால் பன்னிரண்டாயிரம். சொர்ணவல்லியிடம் அவ்வளவு இல்லை. எனக்கு ஓர் அட்டைக்கு ஐம்பது ரூபாய்தான்.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

சின்னச்சாமி அதை வேட்டி மடிப்பில் ஒளித்து வெளியேறுகிறார். (புல்லி ஐந்து கிலோ. வேட்டி ஒத்துழைக்கவில்லை.)

குமரப்பன் கண்கலங்கி, "எடுத்துக்கங்க தங்கச்சி" என்கிறார். (இதை அவரிடமே படித்துக் காட்டினேன். "நா எதுக்கய்யா அழுகணும்? கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றார்.)

திடீரென்று வானத்திலிருந்து ஒரு

இல்லை.

குமரப்பனை வில்லனாக வைத்திருந்தேன். அந்த வேடத்தில் அவர் சரியாக உட்காரவில்லை. காரணம், அந்தக் கடையில் அவர் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம். கதை உள்ள சாமான் அலமாரியில் இருக்கும். கதை இல்லாதது பின்கட்டுக்குப் போகும், எடைக்குத்தான் விற்பார். அது சொந்த மைத்துனர் கொண்டுவந்த சாமானாக இருந்தாலும் சரி.

5

"அண்ணே, அந்தச் சக்கரம் கப்பலோடது இல்ல" என்றேன்.

"அப்ப கடிகாரம்?"

"இல்லண்ணே."

"பர்மா?"

"நானாச் சேத்தது."

"யோவ், கடல் கேக்குதேய்யா! நேத்துச் சென்னைல இருந்து வந்த ரெண்டு பேரும் கேட்டுச் சொன்னாகளே!"

"எந்தக் குழிவான சாமான்ல காதை வச்சாலும் அப்படித்தான். வெளிச் சத்தம் அதுக்குள்ள சுத்திச் சுத்தி வரும்."

அவர் ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக் காதில் வைத்தார். பிறகு இன்னொன்று. முகம் சுருங்கியது.

"நெசமா இது என்ன?"

சொர்ணவல்லியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். "எங்க லாரிக்கு வேண்டிய புல்லிண்ணே. இது கெடச்சா வண்டி ஓடிரும்" என்று அவரே சொன்னார்.

குமரப்பன் அட்டையை அறுத்து என் சட்டைப் பையில் செருகினார். சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுத் தராசுக்குப் போனார்.

"அங்குட்டு நில்லுங்க, முள்ள மறைக்காதீக. கதை போச்சுன்னா எடைதேன். அஞ்சு கிலோ எரநூறு கிராம், இரும்பு வெல."

"அப்ப லாரி மொகம்?" என்றார் சின்னச்சாமி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

"ஓடுற வண்டி மொகத்த அறுக்க நா என்ன கசாப்புக் கடையா வச்சிருக்கேன்? வெள்ளிக்கெழமை வந்து பாப்பேன். பானெட்டு மேல டம்ளர் நடந்துச்சுன்னா, ரம்பத்தோட வருவேன். அப்பறம், பழைய புல்லியக் கொண்டாந்து குடுங்க. அதுக்கு எழுத்தாளரு அட்டை எழுதணும்." என் பக்கம் திரும்பினார். "இந்தவாட்டி ஒரு சொல்லு பொய் இருந்துச்சுன்னா, ஒம்மையும் எடைக்குப் போட்டுருவேன்."

6

வெள்ளிக்கிழமை ரம்பம் வந்ததா, டம்ளர் என்ன செய்தது, சொர்ணவல்லி என்ன சொன்னார் என்று ஒரு நல்ல முடிவு எழுதி வைத்திருந்தேன். அதில் எல்லாரும் சிரிக்கிறார்கள். யார் சிரித்தது என்று நான் கவனிக்கவில்லை; அதனால் அது பொய். சிரிப்பை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பழைய புல்லிக்கு விலையும் நீங்களே வைக்கலாம்; குமரப்பன் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். அட்டையை மட்டும் அப்படியே தருகிறேன்:

"இது பெட்ரோல் லாரியின் டேம்பர் புல்லி. கெட்டுப்போனது. ரப்பர் இற்று, வெளி வளையம் நகர்ந்துவிட்டது. அதனால் இதிலுள்ள டைமிங் மார்க் தவறு. மார்க்கைச் சரியாக வைத்தும் இஞ்சின் மோசமாக ஓடினால், முதல் பிளக்கைக் கழற்றி, குச்சி விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பாருங்கள். அங்கே மார்க் பொருந்தாவிட்டால் புல்லியை மாற்றுங்கள். மாற்றுவது பழையதாக இருந்தால், நடு, ரப்பர், வளையம் மூன்றின் மேலும் ஒரே நேர்கோடாகப் பெயின்ட் தீட்டி, அரை மணி நேரம் ஓட்டுங்கள். கோடு உடையாவிட்டால் புல்லி நல்லது. சொர்ணவல்லியின் லாரியில் கோடு உடையவில்லை. டம்ளர் நடக்கவில்லை."