டொமெங்கின் பதினைந்து நிமிடம்

என் அக்கா நெலியாவின் வீட்டில் எல்லாக் கடிகாரங்களும் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடும். கெட்டுப்போய் அல்ல, வேண்டுமென்றே. அவள் கணவர் டொமெங் செய்த ஏற்பாடு அது. கல்யாணமான புதிதில் மணிலா போகும் கப்பலை ஐந்து நிமிடத்தில் கோட்டைவிட்டு, அங்கே காத்திருந்த முதல் வேலையையும் சேர்த்துக் கோட்டைவிட்டவர். வீட்டுக்குத் திரும்பியதும் நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தள்ளிவைத்தார். பிறகு அலாரம், தன் கைபேசி, கடைசியில் நான் சேர்த்துக் கட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர்.

எங்கள் ஊர் இலோய்லோவில் பாதி வீடுகளில் இந்த வழக்கம் இருப்பதால் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். நான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவன். ஒரு பொருள் பொய் சொன்னால் எனக்குக் கை சும்மா இருக்காது. பதினைந்து நிமிடம் கூடுதல் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மனதுக்குள் பதினைந்தைக் கழித்துக்கொண்டு, பழையபடி தாமதமாகவே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவார்கள்.

"அப்புறம் எதுக்கு மானாங் இந்தக் கூத்து?" என்று கேட்பேன். எங்கள் பக்கம் அக்காவை மானாங் என்போம், அவள் புருஷனை மானோங் என்போம், தம்பியைத் தோத்தோ என்போம்.

"உனக்கென்னடா நோவுது? அவர் வச்ச மணி அப்படியேதான் ஓடும். நாப்பது வயசாச்சு, ஒரு பொண்ணைப் பார்க்க வக்கில்ல, கடிகாரத்தைப் பார்த்துட்டு அலையறான்."

டொமெங் பிறகு வேறு கப்பல் பிடித்துச் சரக்குக் கப்பல்களில் சமையல்காரரானார். வருஷத்தில் பத்து மாதம் கடலில். ஒன்பது வருஷம் காத்திருந்து நெலியா உண்டானபோது ஐந்தாம் மாதத்தில் விட்டுப்போக வேண்டியிருந்தது. மரிஸோல் பிறந்தபோது அவர் அட்லாண்டிக்கின் நடுவில் யாருக்கோ சோறு வடித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் படம்கூட அவருக்குப் போகவில்லை. கப்பலுக்கு வரும் மின்னஞ்சல் கடிதங்களை எழுத்தாக மட்டும் அச்செடுத்து ஆளுக்கு ஆள் கொடுப்பார்களாம். மாதம் ஒருமுறை கேப்டனின் கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவார்கள், பட்டியல் போட்டு ஒருவருக்குப் பத்து நிமிடம். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை டொமெங்கின் முறை எங்கள் நேரப்படி மாலை நாலு மணிக்கு. முகம் பார்த்துப் பேசலாம். அப்பா மகளை முதல் தடவையாகப் பார்க்கப்போகிறார்.

கேமரா வேலை செய்யவில்லை என்று அன்று காலை நெலியா கூப்பிட்டாள், போனேன். பத்து நிமிட வேலை. முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தால் பத்து இருபது. என் கைக்கடிகாரத்தில் பத்து ஐந்து.

நெலியா குழந்தையோடு தடுப்பூசி போடப் போயிருந்தாள். சுவர்க் கடிகாரம் பேட்டரி தீர்ந்து ஏழரையில் நின்றிருந்தது. கேட்க ஆள் இல்லை, எனக்குக் கை அரித்தது. இணையத்துக்கான டாங்கிளைச் செருகி, திரையின் மூலையில் மணியைத் தட்டி, இணைய நேரம் என்ற பக்கத்தைத் திறந்து, தானாகச் சரிசெய்துகொள் என்ற கட்டத்தில் ஒரு டிக் வைத்தேன். நேரம் தரும் தளத்தைத் தேர்ந்தெடுத்து, இப்போதே சரிசெய் என்று அமுக்கினேன். ஒரு நொடி யோசித்தது. பதினைந்து நிமிடம் போயே போய்விட்டது. டாங்கிளைக் கழற்றி வைத்தேன். இனி யார் மாற்றினாலும் அதுவே திருத்திக்கொள்ளும். எனக்கு உண்மையிலேயே வயிறு குளிர்ந்தது.

அவள் வந்ததும் சொல்லிக் கேலி செய்யலாம் என்றுதான் இருந்தேன். வந்தவள் ஊசி போட்ட குழந்தையின் அழுகையோடு வந்தாள். பையிலிருந்து சூடாக இரண்டு ரொட்டியை என் கையில் திணித்தாள். என் கடையிலிருந்து ஆள் போனில் கூப்பிட்டான். தின்றுகொண்டே கிளம்பிவிட்டேன். அவ்வளவுதான், மறந்தே போனேன்.

மறுநாள் பூசை முடிந்து சாப்பிடப் போனேன். நெலியாவின் முகம் வீங்கியிருந்தது.

"வரல தோத்தோ. உன் மானோங் வரல."

"லைன் கிடைச்சிருக்காது."

"பிள்ளைக்கு மஞ்சள் கவுன் போட்டு, தலை வாரி, மடியில வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம். கப்பல்ல மத்தவங்க எல்லாம் பேசியிருக்காங்க, கடைசி வீட்டுக்காரிகூட புருஷன்கிட்ட பேசிட்டேன்னு சொல்றா. இவருக்குத்தான் பத்து நிமிஷம் இல்ல."

"எத்தனை மணிக்கு உட்கார்ந்தே?"

"நாலுக்குத்தான். கம்ப்யூட்டர்ல நாலே கால் ஆனதும் டாங்கிளைச் சொருகி உடனே உட்கார்ந்துட்டேன்."

டாங்கிள் செருகினால் காசு கரையும் என்று நேரத்துக்குத்தான் செருகுவாள். அதற்கு முன் அவர் எத்தனை தடவை அழைத்தாலும் இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராது. சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"நேத்து சாயங்காலமே கடிதாசி எழுதி அனுப்பிட்டேன்" என்றாள். "நீ கப்பலையே கட்டிக்கோ, இந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லன்னு சொல்லி வளர்த்துக்கறேன்னு எழுதிட்டேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ரெண்டு வாக்கியம் போதும். ஆனால் அவள் இருந்த கோபத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வாரம் ஆறட்டும், சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்தேன். நான் கோழை. அதை இங்கே எழுதியாவது வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை கப்பல் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. டொமெங் சமையலறையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

உடல் வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. மோலோ தேவாலயத்தில் சவப்பெட்டிக்கு முன்னால் நெலியா அழவில்லை. மரிஸோலைப் பெட்டியின் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "இப்பவாவது பாரு" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நாளும் அது கூடுதல் கனமாயிற்று. கம்ப்யூட்டரின் மேல் அவள் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டாள்.

நவம்பரில் ஒரு மதியம், மூன்று மணி சுமாருக்கு, எல்பிடியோ என்கிற முதியவர் வந்தார். அதே கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர், விடுப்பில் வந்திருந்தார். டொமெங்கின் பையைக் கொண்டுவந்திருந்தார். சட்டைகள், ஜெபமாலை, பாதி தேய்ந்த சோப்பு. எல்லாவற்றுக்கும் மேலே மடித்து ஊசி குத்திய ஒரு தாள்.

நெலியா அதைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "படிச்சாரா?"

"இல்ல தங்கச்சி. செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் அச்செடுத்துக் கொடுத்தாங்க. அப்போ அவன் இல்ல. நாங்க யாரும் பிரிக்கல."

அவள் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அந்த சனிக்கிழமை ஏன் வரலன்னாவது சொன்னாரா?"

எல்பிடியோ விழித்தார். "யாரு வரல? அவனா? ஆறு மணிக்கே எழுந்து சவரம் பண்ணிட்டான். நல்ல சட்டை போட்டான். 'பொண்ணு முதல்ல பார்க்கறப்போ அப்பன்மேல வெங்காய வாசனை இருக்கக்கூடாது'ன்னான். கேமராவுல வாசனை தெரியாதுடா மடையான்னு நாங்க சிரிச்சோம். உங்க நேரம் நாலு மணிக்கு டாண்ணு உட்கார்ந்தான். பத்து நிமிஷமும் கூப்பிட்டுட்டே இருந்தான். அடுத்தது என் முறை. நான் நாலு நிமிஷம் விட்டுக்கொடுத்தேன். நாலு பதினாலுக்கு எழுந்துட்டான்."

"என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றீங்க."

"சத்தியமா இல்லம்மா."

"நாலு மணிக்கு நான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தேன்! பிள்ளையோட! அப்போ நான் பொய் சொல்றேனா?"

"கப்பல்ல மணி தப்பாது தங்கச்சி" என்றார் பாவம், அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல்.

இருவரும் உண்மைதான் பேசினார்கள். பொய் நான் ஒருவன்தான், மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

"மானாங்" என்றேன். "அன்னிக்குக் காலையில நான் கம்ப்யூட்டர்ல நேரத்தைச் சரியா வச்சுட்டேன். அவர் வச்ச பதினஞ்சு நிமிஷத்தை எடுத்துட்டேன். உன்கிட்ட சொல்லல. நீ பார்த்த நாலே கால், நிஜமாவே நாலே கால்."

அவள் புரிந்துகொள்வதை நான் கண்ணால் பார்த்தேன். விரல்விட்டு எண்ணவில்லை. ஆனால் உதடு அசைந்தது, பதினாலு, பதினஞ்சு என்று.

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் எல்பிடியோவின் பக்கம் திரும்பினாள். "எழுந்தப்போ ஏதாவது சொன்னாரா?"

"'பிள்ளை தூங்கிட்டிருக்கும், எழுப்ப அவளுக்கு மனசு வந்திருக்காது. தூங்கட்டும்'னான். அப்புறம் போய் வெங்காயம் உரிச்சான்."

நெலியா போர்வையை உருவிக் கீழே போட்டாள். என்னைப் பார்க்காமல், "அவர் வச்ச மாதிரி வை" என்றாள்.

கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தேன். மூன்று நாற்பது என்றிருந்ததை மூன்று ஐம்பத்தைந்து ஆக்கினேன். இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன்.

அவள் உள்ளே போய் மரிஸோலின் முகத்தைத் துடைத்து, மஞ்சள் கவுனைப் போட்டாள். இரண்டு மாதத்தில் அது கையிடுக்கில் பிடித்தது. தலையை ஈரம் தொட்டு வாரினாள். திரையில் நாலே கால் ஆனபோது, அதாவது சரியாக நாலு மணிக்கு, குழந்தையை மடியில் வைத்துக் கேமராவுக்கு நேராக உட்கார்ந்தாள். டாங்கிள் இல்லை, இணைப்பு இல்லை. குழந்தை திரையின் வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை ஆட்டியது. எல்பிடியோ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அவள் குழந்தையின் தலையை நேராகப் பிடித்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் நாலு இருபத்தொன்பது ஆயிற்று. டொமெங் எழுந்துபோன நேரம். அவளும் எழுந்தாள்.

குழந்தையை வாங்க நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் குழந்தையை எல்பிடியோவின் மடியில் வைத்தாள்.