நாலு வயசு, அறுபத்திரண்டு கிலோ

எங்கள் ஆபீசில் சந்தேகப்பட்டால் காசு கிடையாது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் நோயாளிகளின் தாள்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. டேட்டா என்ட்ரி. தாளுக்கு இவ்வளவு என்று கூலி. தாளில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அமுக்குவதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் அந்தத் தாள் தனியாக ஒதுங்கிவிடும். யாராவது விசாரித்துத் தீர்க்கும்வரை அதற்குக் கூலி வராது. யாரும் விசாரிப்பதும் இல்லை. அதனால் எங்கள் ஹாலில் ஒருத்தருக்கும் எதிலும் சந்தேகமே வருவதில்லை.

அம்மாவிடம் கேட்டால் வேறு கதை சொல்வாள். "பெரியவ கம்ப்யூட்டர்ல இருக்கா" என்பாள், நான் என்னவோ அதற்குள்ளேயே குடியிருக்கிற மாதிரி. சின்னவள், அதாவது என் தங்கச்சி, நர்சிங் படிக்கிறாள். இரண்டாம் வருஷம். அவள் பீஸ் என் விரல்களிலிருந்துதான் போகிறது. இந்தத் தடவை துண்டு விழுந்தது. மேனேஜரிடம் அட்வான்ஸ் கேட்டேன். அவர் அட்வான்ஸ் தரவில்லை, பதவி தருகிறேன் என்றார். சனிக்கிழமை புது ஆட்கள் வருகிறார்களாம். நான் அவர்களுக்கு முன்னால் நின்று சம்பளம், திறமை, எதிர்காலம் மூன்றைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். அவர்கள் பயிற்சிப் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டால் நான் சூப்பர்வைசர், மாதச் சம்பளம். இதே பதவியை அவர் எனக்கு ஏற்கெனவே இரண்டு முறை கொடுத்திருக்கிறார், வாயால். இருந்தாலும் பீஸ் கண்முன்னால் நின்றதால் தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை ஹாலுக்குள் நுழைந்தால், கடைசி வரிசையில் என் தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

"இங்க என்னடி பண்ற?"

"நானும் சேந்துக்கறேன்க்கா. நீ ஒருத்தியே எத்தன நாளைக்கு இழுப்ப? படிப்ப அப்பறம் பாத்துக்கலாம்."

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட படிப்பை யாரும் அப்புறம் பார்த்ததில்லை. எனக்குத் தெரியும், நானும் அப்படி விட்டவள்தான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

முதலில் டெஸ்ட் வைத்தார். ஆளுக்கு ஒரு கட்டுத் தாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அன்று காலையில் வந்த நிஜமான வேலை. தேர்வு என்று பேர் வைத்து ஓசியில் முடித்துக்கொள்கிறார். தோற்றவர்களும் அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். தெரிந்தும் நான் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாருடைய விரல்களும் ஓடிக்கொண்டிருந்தன. தங்கச்சியுடையது மட்டும் நின்றது. கையைத் தூக்கினாள்.

"சார், இந்தக் குழந்தைக்கு வயசு நாலு. எடை அறுபத்திரண்டு கிலோனு இருக்கு. பதினாறு, பதினேழுதான் இருக்கும். எடைய வச்சுதான் சார் மருந்து குடுப்பாங்க."

மேனேஜர் சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். "அந்தக் கவலையெல்லாம் உனக்கு எதுக்கும்மா? கண்ணு பாக்கணும், கை அடிக்கணும். அவ்வளவுதான் வேலை" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பட்டனைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். பதவி போய்விடுமே என்று பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவள் குனிந்து அறுபத்திரண்டு என்றே அடித்தாள். அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் நிற்கவில்லை. அடித்துத் தள்ளினாள். முதலிடம் அவளுக்குத்தான். "அக்காவ அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்று மேனேஜர் பாராட்ட, அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தாளில் ஒரு எண்ணைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு பிள்ளை தெரிய வேண்டும் என்று இவளுக்கு யாரோ பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை ஒரே வார்த்தையில் துடைத்துப் போட்டுவிட்டான் இந்த ஆள். நானும் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தேன்.

"இப்ப நம்ம சீனியர் பேசுவாங்க" என்றார்.

பேசினேன். சம்பளம் என்றேன். தாள் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை, ஒரு எழுத்து பிசகினால் வெட்டு, கரண்ட் போனால் அதற்கும் வெட்டு. திறமை என்றேன். விரல் வேகமாகும், மூளை துருப்பிடிக்கும், வேறு எங்கேயும் செல்லுபடியாகிற எதையும் இங்கே கற்றுக்கொள்ள முடியாது. எதிர்காலம் என்றேன். "நான் சேந்தப்ப வெயில் அடிக்கற ஜன்னலோரம் உக்காந்தேன். இப்ப ஏசி பக்கத்துல உக்கார்றேன். நான் கண்ட முன்னேற்றம் இதுதான்." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீங்கள் அடித்தது டெஸ்ட் இல்லை, நிஜம், அந்தக் குழந்தையும் நிஜம் என்றதும் சிரிப்பு அடங்கிவிட்டது. நேரே தங்கச்சியின் மெஷினுக்குப் போய் அந்தத் தாளைத் திறந்து பட்டனை அமுக்கினேன்.

மேனேஜர் கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார், அவ்வளவுதான்.

தெருமுனை வரைக்கும் எனக்குக் கால் தரையில் படவில்லை. தங்கச்சி பின்னாலேயே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் கேட்டாள்.

"இனி வீட்டுக்கு என்னக்கா பண்ணுவ?"

"வேற வேலையே இல்லையா ஊருல?"

"வேற என்ன தெரியும் உனக்கு?"

குத்திக் காட்டவில்லை, பாவம், நிஜமாகவே கேட்டாள். அத்தனை பேர் முன்னால் மார்தட்டிக்கொண்டு நானே சொன்னதுதான். அவள் வாயிலிருந்து வந்ததும் சுருக்கென்று தைத்தது. அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அப்புறம் என்னை. அப்புறம் ஊரில் இருக்கிற எல்லாரையும்.

போனை எடுத்தேன். மேனேஜர் உடனே எடுக்கவில்லை, அடிக்கவிட்டு ரசித்துவிட்டு எடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். திங்கட்கிழமை தாள் நிறைய வருகிறது, வா என்றார். புது ஆளுக்குக் கொடுக்கிற கூலிதான் என்றார். சரி என்றேன். சூப்பர்வைசர் பேச்சை இனி எடுக்கக் கூடாது என்றார். அதற்கும் சரி. பல் கடித்ததில் தாடை வலித்தது.

"சார், அந்தக் குழந்தையோட தாளு?"

"அது அப்பவே போயிடுச்சே. வேற ஒருத்தர வச்சு முடிச்சு அனுப்பிட்டேன்."

"எவ்வளவு போட்டு?"

"இருக்கறதுதான். அறுபத்திரண்டு."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். அதெல்லாம் உனக்கு எதற்கு என்று போனை வைத்துவிட்டார். எங்களுக்கு வரும் தாளில் பேரும் இருக்காது, ஊரும் இருக்காது. மேலே கிழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கண் கலங்கியிருந்தது. தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"திங்கக்கெழம நீ காலேஜுக்குப் போற. ஒழுங்கா படிச்சு முடிச்சு வார்டுல போய் நில்லு. நாங்க அடிச்சு அனுப்பறது எதையும் நம்பாத. குழந்தைய உன் கையால தூக்கி, நீயே எட போட்டுப் பாரு."