மாமாவிடம் வேண்டாம் என்றேன்

எங்கள் வீட்டில் வாக்குவாதம் என்றால் கூரை பறக்கும். ஃபேனை இரண்டில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்பதற்கே நானும் அண்ணன்களும் தொண்டை கிழியக் கத்துவோம். கத்தி ஓய்ந்ததும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். கத்தாமல் இருந்தால்தான் பயம். நம்மைத் தலைமுழுகிவிட்டான் என்று அர்த்தம்.

என் மனைவி வீட்டில் எல்லாம் தலைகீழ். அங்கே ஒரு காரியம் நடக்க வேண்டுமானால் எதிராளியின் பக்கத்தை நாம் எடுத்துப் பேச வேண்டும். படிப்பு முடித்து வேலைக்குப் போக ஆசைப்பட்ட என் கொழுந்தியாள் அப்பாவிடம், "வேலையெல்லாம் எதுக்குப்பா, வீட்டுலயே இருக்கேன்" என்றாள். உடனே அவர், "சும்மா எப்படிம்மா இருப்பே? போயிட்டு வா" என்றார். இது பேச்சா, கண்ணாமூச்சியா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அந்த அப்பாதான், அதாவது என் மாமா, இப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதயத்தில் அடைப்பு. ஆபரேஷன் செய்யாவிட்டால் தாங்காது, சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாமா "பார்க்கலாம்" என்றதோடு சரி.

மனைவி கட்டிலருகே உட்கார்ந்து அவர் காலை நீவிவிட்டபடி, "வேணாம்ப்பா. இந்த வயசுல எதுக்கு நெஞ்சைக் கிழிச்சுக்கிட்டு? வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. பெற்ற அப்பனையே கொல்லப் பார்க்கிறாளா?

"என்ன பேச்சு பேசுறே? மாமா, நீங்க கண்டிப்பா ஆபரேஷன் பண்ணிக்கணும்" என்று ஆரம்பித்துக் காரணங்களை அடுக்கினேன். துணிக்கடையில் சேலை விற்றுப் பழகிய வாய். நர்ஸ் வந்து அதட்டும்வரை ஓயவில்லை. மாமா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

மனைவி என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"பண்ணிக்கிறேன்னு அவரே சொல்ல வாயைத் திறந்தாரு. அதுக்குள்ள நீங்க புகுந்து அந்தப் பக்கத்தைப் பிடிச்சுட்டீங்க. இப்ப அவருக்கு வேணாங்கிற பக்கம்தான் மிச்சம்."

"அதுக்காக உயிரையா விடுவாரு?"

"எங்கப்பா விடுவாரு."

"இப்ப என்னடி பண்றது?"

"போய் வேணாம்னு சொல்லுங்க."

எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் போனேன். "மாமா, யோசிச்சுப் பார்த்தேன். ஆபரேஷன் வேணாம். வீட்டுக்குப் போயிடலாம்." சொன்ன நாக்கு கசந்தது. இதோ மறுத்துப் பேசப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது.

"அப்படியா மாப்பிள்ளை? என் பொண்ணு வேணாம்னா, பண்ணிக்கோங்கன்னு அர்த்தம். அது எனக்குத் தெரியும். நீங்க உள்ள ஒன்னு வெச்சு வெளியே ஒன்னு பேசத் தெரியாத ஆளு. நீங்களே வேணாங்கிறீங்களே... டாக்டர் கையை விரிச்சுட்டாரா?"

ஐயோ! ஊருக்கு வழி கேட்கப்போய்க் கிணற்றில் விழுந்த கதையாகிவிட்டதே.

"இல்ல மாமா! உங்க பொண்ணுதான் சொல்லச் சொன்னா, அதான் சொன்னேன். பண்ணிக்கோங்க மாமா. எனக்குப் பயமா இருக்கு." கத்தத் தெம்பில்லை, அழுகைதான் வந்தது. வாசலில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். மனதில் இருப்பதை அந்த வீட்டு மனிதர் ஒருவர் நேராகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். "பண்ணிக்கிறேம்மா. டாக்டரை வரச்சொல்லு" என்றார். அவள் ஓடினாள்.

எந்தப் பேச்சு அவரை அசைத்தது? என்னுடையதா, அவளுடையதா? ஒன்றும் புரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாமா என் கையைப் பிடித்தார்.

"பொழைச்சிடுவேன்ல மாப்பிள்ளை?"

ஆமாம் என்றால் அப்படியே நம்பிவிடுவார். எனக்குத் தெரியாதே. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.