இடப்பக்கத்தை மறு!

வெண்டல் ஹாஸ்டெட்டருக்கு ஐம்பத்தாறாவது வயதில் பதவி உயர்வு வந்தது. வார நாட்களில் பென்சில்வேனியாவின் ஒரு சின்ன ஊரில் பல் செட் செய்து பிழைக்கிறவர். கோடைச் சனி ஞாயிறுகளில் மட்டும் வடக்குப் படையில் சார்ஜென்ட். நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன அமெரிக்க உள்நாட்டுப் போரை, அவரும் இன்னும் நாற்பது பேரும் நீலக் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு, குண்டில்லாத துப்பாக்கிகளோடு, வேடிக்கை பார்க்க வரும் ஜனங்களுக்காக மறுபடி நடத்திக் காட்டுவார்கள்.

சண்டையைவிடச் சண்டையின் சொற்கள்தான் வெண்டலுக்கு உயிர். ‘படைச் சொற்களின் பிறப்பு’ என்று முப்பத்திரண்டு பக்கக் கையேடு ஒன்றை அவரே எழுதி அச்சடித்திருந்தார். ஒவ்வொரு முகாமிலும் கூடாரம் போட்டு அதைப் பற்றிப் பேசுவார். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்தான் கேட்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஒருமுறை அடைமழை பிடித்துக்கொண்டது. அவர் பேச்சுக்குக் கூடிய பெரிய கூட்டம் அன்றைக்குத்தான்.

வேண்டுமென்றே வந்து உட்கார்ந்த முதல் ஆள் ட்ரூடி கெல்லர். ஆஸ்பத்திரி நர்ஸ், படையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“சார்ஜென்ட்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டாள்.

“லத்தீன்லேர்ந்து வந்தது. ஊழியம் செய்யறவன், வேலைக்காரன்” என்றார் வெண்டல், பெருமையாக.

“அப்படின்னா அந்தத் தண்ணி வாளியைக் கொஞ்சம் தூக்கிட்டு வாங்களேன்.”

தூக்கிக்கொண்டு வந்தார்.

ஜூன் கடைசியில் லெப்டினன்டுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனது. கம்பெனி என்று அழைக்கப்படும் அந்த நாற்பது பேர் பிரிவுக்குக் கேப்டன் ராஸ்கோ டிப்பெட்ஸ், தொழிலால் பிளம்பர். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர். “வெண்டல், இனிமே நீதான்யா லெப்டினன்ட். வேற ஆளு இல்ல.”

கடைசி மூன்று சொற்களை வெண்டல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினோரு வருஷம் காத்திருந்த பதவி. வாள் ஒன்று வாங்கினார். கண்ணாடி முன் நின்று அதை உருவிப் பார்த்ததில் மேஜை விளக்கு ஒன்று வீரமரணம் எய்தியது.

ட்ரூடி கையேட்டின் நாலாம் பக்கத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். “லெப்டினன்ட்: இன்னொருவர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவன். ஓ, தியேட்டர்ல சீட்டு மேல கோட்டைப் போட்டு வைப்பாங்களே, அந்த மாதிரி. நீங்கதான் அந்தக் கோட்டு!”

எழுதியவரே அவர்தான் என்பதால் சண்டைக்கும் போக முடியவில்லை.

ஜூலையில் பெரிய சண்டை. பொருட்காட்சித் திடலில் ஆயிரம் பேராவது கூடியிருந்தார்கள். திட்டம் எளிது: வடக்குப் படை மேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும், தெற்குப் படை ஏறிவரும், சரியாக இரண்டரை மணிக்குத் தோற்று ஓடும். சண்டை ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷம் ராஸ்கோ ஒரு எலி வளைக்குள் காலை விட்டுக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார்.

“வெண்டல்! கம்பெனி உன் கையில!”

தெற்குப் படை சோளக்கொல்லை ஓரமாக இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. நாற்பது முகங்கள் வெண்டலைப் பார்த்தன. ‘இடது ஓரத்து ஆளுங்க பின்னால வளைங்க’ என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்தது. ஆனால் அவர் வாயில் வந்தது கையேட்டின் பத்தொன்பதாம் பக்கம். வாளை உயர்த்தி முழங்கினார்:

“இடப்பக்கத்தை மறு!”

எதிரிக்கு இடப்பக்கத்தைக் கொடுக்காதே, பின்னால் மடக்கிக்கொள் என்று அர்த்தம். பழைய படை நூல்களில் உள்ள அசல் கட்டளைதான். ட்ரூடியைத் தவிர யாரும் பத்தொன்பதாம் பக்கம் வரைக்கும் போகவில்லை என்பதுதான் சிக்கல். அவள் பக்கத்தில் இருந்த நாலு பேரை இழுத்துக்கொண்டு ஒழுங்காக மடங்கினாள். மற்றவர்களுக்கு, இடது வேண்டாம் என்றால் வலது. எல்லாரும் வலப்பக்கம் திரும்பி நடந்தார்கள்.

“அது இல்ல! வளைங்க! வளைங்க!” என்று கத்தினார் வெண்டல்.

வளைந்தார்கள். அத்தனை அழகாக அவர்கள் அணிவகுத்து அவர் பார்த்ததே இல்லை. அப்படியே மேட்டைவிட்டு இறங்கி, லெமனேட் கடைக்கு முன்னால் போய் நின்றார்கள்.

தெற்குப் படையின் கேப்டன் பர்ல் மேடக்ஸ் மேலே ஏறிவந்து, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏம்ப்பா வெண்டல், நாங்க தோக்கணுமே. உங்க ஆளுங்க எங்க?”

“லெமனேட் கடையில.”

“வருவாங்களா?”

“கியூல நிக்கறாங்க. நேரமாகும்.”

“சரணடைஞ்சிடலாமா, லெப்டினன்ட்?” என்றாள் ட்ரூடி. “இதுக்கு அர்த்தம் வேண்டாம். ஆமாவா இல்லையா, அது போதும்.”

வெண்டல் வாளை நீட்டினார். தெற்குப் படைக்காரர்களுக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. ஒருவர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

நடந்ததை விளக்கச் சொல்லி மைக்கை அவர் கையில் திணித்தார்கள். கௌரவமான சமாதானங்கள் மூன்று அவர் மனதில் ஓடின. ஒன்றில் பழி காற்றின் மேல். கடைசியில் உள்ளதைச் சொன்னார்.

“நான் போட்ட கட்டளை சரியான கட்டளைதாங்க. தப்பு என் மேலதான். இந்தச் சொல்லு எங்க பொறந்துச்சு, எந்த வழியா வந்துச்சு, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா வாயைத் திறந்து இவங்களை ஒரு தடவைகூடப் பழக்கினது இல்ல. நான் பழகினது கண்ணாடிக்கு முன்னால மட்டும்தான். அதுலயும் ஒரு விளக்கு போச்சு.”

கூட்டம் சிரித்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஒரு அம்மாள் எழுந்து, கம்பெனி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

“ஒண்ணா ரொட்டி பிட்டுத் தின்னறவங்க.”

“அதுக்குத்தான் நாங்க இங்க வந்தோம்!” என்று லெமனேட் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கணுக்காலில் ஐஸ் கட்டியிருந்த ராஸ்கோ கண்ணீர் வரச் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை லெப்டினன்ட் பதவியை ட்ரூடிக்குக் கொடுத்தார்கள். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: பயிற்சியில் வெண்டல் முன்வரிசையில் சாதாரணச் சிப்பாயாக நிற்க வேண்டும். அவமானமாக இருக்கும் என்றுதான் நினைத்தார். துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றபோது, யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதியாக இருந்தது.

“இடது திரும்பு!” என்றாள் ட்ரூடி.

வரிசை திரும்பியது. வெண்டலும் திரும்பினார். பக்கத்து ஆள் மூக்கோடு அவர் மூக்கு மோதியது.

“வணக்கம்” என்றார் அந்த மனிதர்.