ஒத்திகைக்கு வெட்டிய புத்தகங்கள்

ஊரார் வழக்கையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவைத்த நீதிபதிக்கு, ஓய்வு பெற்ற பிறகு தன் வீட்டு வழக்கில் தீர்ப்புச் சொல்ல வாய் வரவில்லை. மாடிப்படி ஏற முடியாத மனைவிக்காகத் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்தாகிவிட்டது. அங்கே புத்தக அலமாரிக்கு இடமில்லை. குடிபோவதற்குள் புத்தகங்களையெல்லாம் ஸ்கேன் செய்து டேப்லெட்டில் ஏற்றிவிட வேண்டும். மகள் ஸ்கேனரே வாங்கி அனுப்பிவிட்டாள். அது தாளைத் தானாக இழுத்துக்கொள்ளும். ஆனால் தாளாகத்தான் கொடுக்க வேண்டும். அதாவது, பைண்டிங் கடையில் கொடுத்துப் புத்தகத்தின் முதுகை வெட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஆயுள் தண்டனை எழுதத் தயங்காதவர், தன் அலமாரிக் கதவைத் திறந்து திறந்து மூடினார். 'முதலில் வேறு எதிலாவது பழகுவோம்' என்று மனைவியின் அலமாரிப் பக்கம் திரும்பினார். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து அவள் பைண்டு செய்து வைத்திருந்த தடித்தடி வால்யூம்கள். அவற்றைப் புத்தகம் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவளும் தொட்டு வருஷக்கணக்காகிறது. "பல் தேய்க்கிறப்பகூடப் படிச்சிட்டிருந்தவ. இப்ப ஆர்வமே விட்டுப்போச்சு," என்று உறவுக்காரர்களிடம் அவரே அங்கலாய்த்திருக்கிறார். ஆகவே எதிர்த்தரப்பைக் கூப்பிடாமலே தீர்ப்பை எழுதிவிட்டார்.

கடைக்காரர் மெஷினின் பிடியை இறக்கினார். ரொட்டி ஓரம் போல முதுகு கழன்று விழுந்தது. ஸ்கேனரும் மடமடவென்று வேலையை முடித்தது. மிஞ்சிய தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாம் என்றால், மனைவி எந்நேரமும் வீட்டில்தான் இருக்கிறாள். கட்டிலுக்கு அடியில் தள்ளினார். குற்றம் செய்தவர்கள் தடயத்தை வீட்டிலேயே வைத்திருப்பதைப் பார்த்து எத்தனையோ முறை அவர் உள்ளூரச் சிரித்ததுண்டு.

ஒரு மத்தியானம் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பினார். மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். மடியில் ஒரு கட்டுத் தாள், கையில் ஒரே ஒரு தாள்.

"யார் வேலை இது?" என்றாள்.

"என் வேலைதான்."

"உங்களுது அவ்வளவு இருக்க, என்னுதை எதுக்கு வெட்டினீங்க?"

"கை பழகிக்கலாம்னு… நீதான் படிக்கிறதையே விட்டுட்டியே."

"யார் விட்டா? இந்தத் தடியை எப்படிப் பிடிக்கிறது? ரெண்டு பக்கம் போறதுக்குள்ள விரல் விண்ணுவிண்ணுன்னு வலிக்கும். கீழ வச்சா மூடிக்கும்."

மாத்திரை பாட்டில் மூடி, எண்ணெய் பாட்டில் மூடி, பற்பசை மூடி, எல்லாவற்றையும் தினமும் அவளுக்குத் திறந்து கொடுப்பவர் அவர்தான். அதே விரல்தான் புத்தகத்தையும் பிடிக்க வேண்டும் என்பது அவர் மண்டையில் ஏறியதே இல்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைத்து அவருக்குக் கூசிப்போனது.

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்ல?"

அவர் ஓடிப்போய் டேப்லெட்டை எடுத்துவந்தார். "எல்லாம் இதுல ஏத்தியாச்சு. இதுல படி."

அவள் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இதுவும் கனமாத்தான் இருக்கு. தாளே தேவலை. ரெண்டு விரல் போதும். கதையில அவ வீட்டை விட்டுக் கிளம்பிட்டா, மேல என்ன ஆச்சுன்னு தெரியல. மிச்சம் எங்க?"

நீதிபதி முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்து மிச்சத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"இது முடிஞ்சதும் உங்க அலமாரியிலேருந்து ஒண்ணு வேணும். யாருக்கும் தர மாட்டீங்களே, நீல அட்டை போட்டது. என்னதான் இருக்கு அதுலன்னு பார்க்கணும்."

அந்தப் புத்தகத்தை அவர் ஸ்கேன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் புது வீட்டுக்குக் கடத்திவிடுவதாக இருந்தார். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

மறுநாள் பைண்டிங் கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார். "புதுசு மாதிரி இருக்கே சார். ஸ்கேன் பண்ணத்தானே?"

"இல்லப்பா. வீட்ல படிக்கணுமாம்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெட்டுங்க," என்றார் நீதிபதி.